உப்புக்காற்றில் நமத்த காபிக்கொட்டை

என்னங்க,

சிறுசேரி ஆபீஸ் கேப் வந்து ஹாரன் அடிக்கிறான். தோசை மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது.

"இந்த காபி கிரைண்டர் இனிமே வேலைக்கு ஆவாது ஜோதி"ன்னு நேற்று குதித்தீர்களே, தப்பு அதன் மேல் இல்லை. நெம்மேலியில் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்துபோட்டு, அதனடியில் காபிக்கொட்டையை மூடாமல் வைத்தால் நமத்துப் போகாதா? சண்டைக்குப் பிறகு புதுப் பாக்கெட்டைப் பிரித்து, எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி மூடி வைத்தேன். காலையில் அதே கிரைண்டரில் அரைத்துப் போட்டால், மெஷினில் எஸ்பிரெசோ தேன் மாதிரி இறங்குகிறது!

நம்பாமல் இன்னொன்று போட்டுக் குடித்தேன். கொஞ்சம் நைசாக அரைத்து இன்னொன்று. அப்புறம் எண்ணவில்லை. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குவது எழுத்திலேயே தெரியும். கிரைண்டரில் நான் திருகி வைத்த அளவில் கை வைக்காதீர்கள்.

நீங்கள் ஆர்டர் போட்ட புது கிரைண்டரோடு கூரியர்காரர் வருவார். திருப்பி அனுப்பிவிடுங்கள். நேற்று சொன்னதுதான்: அந்தப் பெட்டி உள்ளே வந்தால் நான் கருங்குழிக்கு, அம்மா வூட்டுக்குப் போய்விடுவேன்.

ஜோதி

பி.கு.: திருப்பி அனுப்ப வேண்டாம். வாங்கி வையுங்கள். அதில் எப்படி இறங்கும் என்று ஒரே ஒருதரம் பார்த்துவிடலாம்.

பெட்டியைப் பிரிக்காதீர்கள். நான் வந்து பிரிக்கிறேன்.