அண்ணையின் நெஞ்சு

2024 மே 14, செவ்வாய்

இன்று கோழிக்கறி. அண்ணைக்கு மட்டும் பருப்பு. புரொய்லர் கோழி தின்றுதான் அவனுக்கு மார்பு பெண்களைப்போல் வளர்ந்தது என்று அப்பா நம்புகிறார். காலையில் முற்றத்தில் தண்டால் எடுக்க வைத்தார். "எழும்படா. பொம்பிளை மாதிரிக் கிடக்கிறாய்." இருபத்துமூன்று வயதுக்காரன் மண்ணில் குப்புறக் கிடந்தான். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டே இருந்தார்.

மே 19, ஞாயிறு

நாளை மறுநாள் கோயிலில் எங்கள் குடும்பத்தின் திருவிழா. மூத்த மகன் வெறும் மேலோடு சாமி தூக்க வேண்டும். அண்ணை மார்பை அமுக்கிப் பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்தான். உரித்தபோது தோலும் வந்தது.

மே 21

சால்வையைக் குறுக்காகக் கட்டிக்கொண்டுதான் தூக்கினான். மாமா மகன் நிருஷன் எல்லோருக்கும் முன்னால் அதை உருவினான். "மச்சான், அம்மனுக்குப் பக்கத்திலை இன்னொரு அம்மன்!"

சிரிப்பு. அண்ணை தோளிலிருந்த தண்டை விட்டான் — சாமி சரிந்தது, ஐயர் அலறினார். பிறகு நிருஷனின் முகத்தில் குத்து, குத்து, குத்து. பல் உடைந்து வாயெல்லாம் இரத்தம்.

வீட்டில் அப்பா பெல்ட்டை எடுத்தார். நிருஷனை அடித்ததற்காக இல்லை, சாமியைக் கைவிட்டதற்காக. கொக்கிப் பக்கத்தால். மார்பில் மட்டும். தங்கச்சி நான் என்ன செய்தனான்? கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.

மே 22

பிளேட். அண்ணை மார்பைத் தானே வெட்டி எடுக்கப் பார்த்திருக்கிறான். ஆறு தையல்.

ஜூன் 3, திங்கள்

அப்பாவுக்குச் சொல்லாமல் அண்ணையைச் சத்திரசிகிச்சை டொக்டரிடம் கூட்டிப்போனேன். தொட்டுப் பார்த்தார். "இது சுரப்பி வளர்ச்சி, தம்பி. கோழியாலை வந்ததும் இல்லை, தண்டாலாலை போறதும் இல்லை. வெட்டி எடுக்கலாம். கன பேருக்குச் செய்திருக்கிறம்."

அண்ணை கேட்டான்: "அப்ப, அடிச்சாலும் குறையாதோ?"

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

ஜூன் 27

ஒப்பரேஷன் முடிந்தது. இறுக்கமான கட்டு, பக்கத்தில் இரத்தம் வடிய ஒரு குழாய். பிளேட் காயத்தின் தையல் பழுத்து வார்டில் இருக்கிறான் என்று அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறோம். நோகுதா என்று கேட்டேன்.

"உது ஒரு நோவே?"

ஓகஸ்ட் 11, ஞாயிறு

என்ன செய்தோம் என்பது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. கூட்டிப்போனது நான் என்பதும். "ஆரைக் கேட்டடி வெட்டினனீங்கள்?" கை ஓங்கினார். அண்ணை நடுவில் வந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

"விடடா, நோகுது."

விடவில்லை. இன்னும் முறுக்கினான். நான் வேண்டிக்கொண்டதும் இதைத்தானே? பிறகேன் பயந்தேன்?

"அண்ணை, காணும், விடு" என்றேன். பிறகுதான் விட்டான்.

அப்பாவின் வலது கை வீங்கியிருக்கிறது. சாப்பிட அம்மா கரண்டி கொடுத்தார். அண்ணை எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.