டிரம் துப்பியதும் நான் கத்தியதும்

மார்ச் 3, செவ்வாய்

இது நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். சனிக்கிழமையே சொல்லிவிட்டேன்: "அந்த ஏழாம் நம்பர் டிரம்மோட முழியே சரியில்லை, ஒருநாள் துப்பும்." யாரிடம் சொன்னேன் என்பது நினைவில்லை. சொன்னது சத்தியம்.

நாங்கள் ஒட்டுப்பலகைக்குப் பிசின் காய்ச்சுகிறவர்கள். அதற்கு வேண்டிய ஃபீனால் டிரம்முக்குள் கல்லாய் உறைந்து வரும். சூட்டறையில் ஒரு நாள் வைத்தால் உருகித் தண்ணீர் மாதிரி நிற்கும். பிறகு குழாய் மாட்டிப் பம்பால் உறிஞ்ச வேண்டும். சூட்டறைச் சாவி இருபத்திரண்டு வருடமாக என் இடுப்பில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன்தான். ஆனால் ஃபீனால் என் செருமலைக் கேட்டாலே அடங்கும்.

இன்று அடங்கவில்லை. குழாய் மூட்டு கழன்று இடது முன்கையில் துப்பிவிட்டது. முழங்கை வரை வரும் கையுறை எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது, அது வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

ஆயிரம் தேள் ஒன்றாகக் கொட்டினாற்போல வலி! வேறு எவனாவது என்றால் அங்கேயே சாய்ந்திருப்பான். நான் விட்ட கர்ஜனையில் காய்ச்சும் கூடத்து ஆட்கள் பம்பையே நிறுத்திவிட்டார்கள். பதினோரே எட்டு வைத்து அவசரக் குளியல் குழாயடிக்கு ஓடி, சங்கிலியை இழுத்து, கால் மணி நேரம் தண்ணீருக்கடியில் மலைபோல் நின்றேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆமையும் கூட வந்தான். ஆமை என்பது அவன் வண்டி ஓட்டும் வேகத்துக்கு நான் வைத்த பெயர். பாவம், முகம் வெளுத்துவிட்டது அவனுக்கு.

டாக்டர் ஒரு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரி சீட்டைப் பார்த்தாள்.

"பினாயில் பட்டதுக்கா ஒரு வாரம் லீவு? நான் தெனமும் அதுலதான் தரை துடைக்கிறேன். எனக்கு ஆயுசுக்கும் லீவு எழுதித் தரச் சொல்லுங்க."

"பினாயில் இல்லடி. ஃபீனால்."

"ரெண்டும் ஒரே நாத்தம்தானே?"

இவளிடம் வேதியியல் பேசி ஜெயிக்க முடியாது.

மார்ச் 5, வியாழன்

அக்கா மகள் வந்தாள். எங்கள் தொழிற்சாலைக்கே பாதுகாப்பு அதிகாரியாக வந்து நாலு மாதம்தான் ஆகிறது. இன்னும் இரண்டு மாதம் தள்ளினால்தான் வேலை நிரந்தரம். வீட்டில் நான் 'மாமா'. அங்கே 'ஸ்டோர் சார்'. 'சார்' என்று ஆரம்பித்தால் திட்டு வருகிறது என்று பொருள்.

கட்டுப் போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, பட்ட உடனே வலிச்சுதா?"

"உயிர் போய்த் திரும்பி வந்துது."

"ஃபீனால் முதல்ல வலிக்காது மாமா. தோலை மரத்துப்போக வச்சிடும். அந்த இடம் வெள்ளையாகும், அவ்வளவுதான். நாம ஒண்ணுமில்லைன்னு நிக்கிற நேரத்துல அது ரத்தத்துல இறங்கி கிட்னி வரைக்கும் போயிடும்."

"உன் புத்தகத்துக்கு வலிக்காதும்மா. எனக்கு வலிச்சுது."

என்னையே பார்த்தாள். அக்காவின் பார்வை, அச்சு அசல். சிறுவயதில் சர்க்கரை டப்பா காலியானபோதெல்லாம் அக்கா என்னை இப்படித்தான் பார்ப்பாள்.

மார்ச் 11, புதன்

வேலைக்குப் போனேன். வாசலிலிருந்து சூட்டறை வரை கதை சொல்லியே போக வேண்டியதாயிற்று. கூட்டம் சேரச் சேர எட்டு குறைந்தது. மதியம் மேனேஜர் கேட்டபோது ஏழு எட்டில் ஓடி முடித்திருந்தேன். அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "உங்க கதையை போர்டா வைக்கணும்" என்றார். வேண்டாம் சார் என்றேன், கேட்காத தூரத்துக்கு அவர் போன பிறகு.

மார்ச் 16, திங்கள்

போர்டு வந்துவிட்டது! சூட்டறை வாசலில், ஆள் உயரத்துக்கு, என் படத்தோடு. மீசைக்குச் சாயம் போட்டது வீண் போகவில்லை. கீழே கொட்டை எழுத்தில்: 'வலி தெரிந்த நொடியில் ஓடினார், பிழைத்தார். நீங்களும் வலித்தவுடன் ஓடுங்கள்! – பாதுகாப்புப் பிரிவு.'

பாதுகாப்புப் பிரிவு என்றால் அக்கா மகள்தான், அந்தப் பிரிவில் வேறு ஆள் கிடையாது. அவளைக் கேட்காமலே அச்சடித்துவிட்டார்கள். மேனேஜர் அறையில் அவள் குரல் உயர்ந்தது வெளியே கேட்டது. அவர் சொன்னதும் கேட்டது: "அனுபவம் பேசுதும்மா. நீங்க இன்னும் படிச்சிட்டுதான் இருக்கீங்க."

நேரே என்னிடம் வந்தாள்.

"ஸ்டோர் சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாத்திடுவாரு."

"பார்க்கலாம்மா."

"வலிக்கலையேன்னு ஒருத்தர் சும்மா நின்னுட்டா?"

"நம்ம ஆளுங்க அவ்வளவு கூறு கெட்டவங்களா?"

வெள்ளிக்கிழமை பாதுகாப்பு நாள். மேடையில் எனக்குக் கைக்கடிகாரம் தருகிறார்கள். வெள்ளி போகட்டும், சனிக்கிழமை சொன்னால் குடியா முழுகிவிடும்?

மார்ச் 17, செவ்வாய்

போர்டு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். இரண்டு பேர் படித்தார்கள். ஒருவன் மீசையைப் பார்த்துச் சிரித்தான். பொறாமை.

மார்ச் 19, வியாழன்

எழுத்து கோணினால் கோணட்டும்.

பத்தரை மணி டீ. ஆமை எதிரே வந்து உட்கார்ந்தான். நடக்கும்போதே வலது பூட்ஸ் சொதசொதவென்றது.

"என்னடா, தண்ணியில மிதிச்சியா?"

"அட, டிரம் மூடி கசிஞ்சு பூட்ஸுக்குள்ள இறங்கிடுச்சுப்பா. முதல்ல சூடா இருந்துது, அப்புறம் ஒண்ணும் தெரியலை. பத்து நிமிஷமா பார்க்கிறேன், வலிச்சா ஓடலாம்னு. வலிக்கவே மாட்டேங்குது. உன் உடம்புதான்யா பூஞ்சை உடம்பு!"

சிரிக்கிறான். என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்!

டம்ளரை எங்கே போட்டேன் என்று தெரியாது. அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு... அந்தக் கனத்தை எப்படி இழுத்தேன்? குளியல் குழாய்க்குக் கீழே தள்ளினேன். அக்கா மகள் ஓடி வந்தாள். "பூட்ஸைக் கழட்டாதீங்க, வெட்டுங்க! தண்ணியை நிறுத்தாதீங்க!" வெட்டினோம். கால் மெழுகு மாதிரி வெள்ளை. அவனோ இன்னும், "எதுக்குய்யா இந்த ஆர்ப்பாட்டம்" என்கிறான். அப்புறம், "தலை சுத்துதுடா" என்றான். அப்புறம் பேச்சில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு சூட்டறை வாசலுக்கு வந்தேன். நான் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னத்தைச் செஞ்சு வச்சிருக்கேன் நான்? சனிக்கிழமையாம், சனிக்கிழமை! வாட்ச் கட்டாத கையால சாப்பிட்டா சோறு எறங்காதா எனக்கு?

மார்ச் 20, வெள்ளி

விழாவை ரத்து செய்துவிட்டார்கள். ஆமைக்கு நினைவு திரும்பிவிட்டது. சிறுநீர் கறுப்பாகப் போகிறதாம். கிட்னியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள்.

மேனேஜர் அக்கா மகளுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். போர்டில் தவறான வாசகம், பாதுகாப்புப் பிரிவே பொறுப்பு, திங்களுக்குள் விளக்கம் தராவிட்டால் வேலையிலிருந்து நீக்கம். எப்படி இருக்கிறது? எழுதியது அவர், உளறியது நான், மாட்டியது அவள்.

மாலையில் அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரி கொடுத்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, உங்களை நான் ஒண்ணும் கேட்கல."

கேட்டிருக்கலாம். நாலு பேர் நடுவில் நிற்கவைத்துக் கேட்டிருக்கலாம்.

மார்ச் 22, ஞாயிறு

மேனேஜருக்குக் கொடுக்கக் காலையிலிருந்து ஒரு வாக்குமூலம் எழுதுகிறேன். நாலு தாள் கிழித்தாகிவிட்டது. உண்மையைத்தான் எழுத உட்காருகிறேன். மூன்றாவது வரியில் எப்படியோ கொஞ்சம் வீரனாகிவிடுகிறேன்.

வீட்டுக்காரி தாள் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே சொன்னாள்: "வலிக்கலைன்னு ஒரு வார்த்தை எழுத எதுக்குங்க இத்தனை பேப்பர்?"

இவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்?

மார்ச் 23, திங்கள்

மூன்றே வரியாகக் கொடுத்தேன். மேனேஜர் படித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார்.

"அப்போ நீங்க ஓடவே இல்லையா?"

"இழுத்துட்டுப் போனாங்க சார்."

அக்கா மகள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுதாளா சிரித்தாளா, கேட்கவில்லை.

காய்ச்சும் கூடத்திலும் என் வாயாலேயே சொல்ல வைத்தாள். சொன்னேன். ஒருவனும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

மேனேஜர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அக்கா மகளுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இனி அவளைக் கேட்காமல் சூட்டறைப் பக்கம் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. புதுப் போர்டு அவள் எழுதியது: 'வலிக்காது. நம்பாதே. பட்டால் உடனே தண்ணீர்.' அதில் என் படம் இல்லை. கேட்டுப் பார்த்தேன். "ஸ்டோர் சார்" என்று ஆரம்பித்தாள், திரும்பி வந்துவிட்டேன்.

ஆமையைப் பார்க்கப் போனேன். கிட்னி தப்பித்தது. தொடைத் தோலை எடுத்துக் காலில் ஒட்டியிருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்ததை யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டான். அப்புறம் கேட்டான்:

"வலிக்கலைன்னா அன்னைக்கு ஏன்யா அப்படிக் கத்துன? அதைக் கேட்டுத்தானே நான் நம்பினேன்."

"நீ என்னை இழுக்கும்போது உன் இரும்பு பூட்ஸால என் கால் கட்டை விரலை மிதிச்சடா."

கட்டில் ஆடுகிற அளவுக்குச் சிரித்தான். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

ஆகவே மார்ச் 3-ஆம் தேதிப் பக்கத்துக்கு ஒரு திருத்தம். டிரம்மைப் பற்றி முன்பே சொன்னேன் என்பதில் மாற்றமில்லை. ஆனால் துப்பியது கையில் பட்டதும் கந்தல் துணியால் துடைத்துவிட்டுக் குழாயை மாட்டிக்கொண்டுதான் நின்றேன். தோல் வெளுத்ததைப் பார்த்தவன் ஆமை. இழுத்தவன் ஆமை. சங்கிலியைப் பிடித்தவனும் அவனே. ஆயிரம் தேள் என்று எழுதியது கற்பனை.

ஓர் எறும்புகூடக் கடிக்கவில்லை.