சனிக்கிழமை மீனுக்கு நான் ஏலம் கேட்கப் போகிறேன், அம்மா

என் தங்க அம்மாவுக்கு,

அப்பா முன்னறையில் உறங்குகிறார். நான் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் கடலுக்குப் போக எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. விடிந்தால் சனிக்கிழமை. வள்ளங்கள் கரையேறும்போது நானும் உன் தங்கை ரெஜினா சித்தியும் கடப்புறத்து மணலில் நிற்போம். நீ நின்ற இடத்தில் நின்று நான் மீனுக்கு ஏலம் கேட்கப் போகிறேன். அப்பாவுக்கு இது தெரியாது.

முதலில் பள்ளிக்கூடத்துச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுத்திருக்கிறேன். போன வாரம் தொழில்முனைவு என்று ஒரு பாடம் நடந்தது. ஒரு தேவையைக் கண்டுபிடித்து, நட்டம் வந்தால் அது என் பொறுப்பு என்று துணிந்து, ஆளையும் பொருளையும் ஒன்றுசேர்த்துப் புதிதாக ஒன்றைச் செய்கிறவரே தொழில்முனைவோர் என்று டீச்சர் விளக்கினார். பிறகு, "நம்ம ஊருப் பக்கம் அப்படி யாரு உண்டு? சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டார்.

முந்திரி உடைக்கிற அண்டி ஆபீஸ் முதலாளி, பஸ் முதலாளி, நாகர்கோவில் நகைக்கடைக்காரர் என்று ஆளுக்கு ஒருவரைச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த அனிஷா என் விலாவில் இடித்து, "ஏட்டி, ஒனக்க அம்மையச் சொல்லுட்டி" என்றாள். உன் பெயர் வாயில் வந்தாலே அழுதுவிடுவேன் என்று தெரியும். குனிந்து புத்தகத்தைப் புரட்டினேன். அவளே எழுந்து சொல்லிவிட்டாள். பின்வரிசையில் ஒருத்தி, "மீன் வெட்டுததும் தொழில்முனைவுன்னா, எங்க வீட்டுப் பூனையும் முதலாளிதான்" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "அவங்க என்ன செஞ்சாங்கன்னு ஒரு நாளு நீ எங்களுக்குச் சொல்லணும் ஜெனி" என்றார்.

என்ன சொல்வது என்று உன்னிடமே சொல்லிப் பார்க்கிறேன். தப்பு இருந்தால் திருத்து.

இதெல்லாம் தொடங்கிய அன்று நானும் உன்னோடு பஸ்ஸில் இருந்தேன். நாகர்கோவிலுக்குத் துணி எடுக்கப் போய்க்கொண்டிருந்தோம். நம் ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ் ஷீபா அக்கா வேலை முடிந்து உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாகர்கோவில் வடசேரியில் அவருக்கு வீடு. "கடலுக்குப் பக்கத்துல வேலை பாக்கேன், வீட்டுல மீன் கறி வச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா? வாங்கிட்டுப் போலாம், யாரு வெட்டுவா? வீட்டுல போயி செதிலு உரசுததுக்கு எனக்குச் சத்து இல்ல அக்கா" என்றார்.

அலுப்பில் சொன்ன பேச்சு. வேறு யாராக இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்திருப்பார்கள். நீ, "நான் வெட்டிக் கொண்டு தந்தா எடுப்பியளா?" என்று கேட்டாய். அவர் சிரித்துக்கொண்டே, "தந்தா வேண்டாம்னா சொல்லுவேன்" என்றார். அதற்குப் பிறகு நாகர்கோவில் வரும்வரை நீ விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தாய்.

முதல் நாள் நீயும் சித்தியும் எவ்வளவு சுத்தமாக வெட்டினீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் நீ கேரளத்தில் இறால் கம்பெனியில் இருந்தவள். அங்கே முதல் வேலையே தலையைக் கிள்ளி எறிவதுதான். அந்தப் பழக்கத்தில் நெய்மீனுக்கும் விளமீனுக்கும் தலையை வெட்டித் தள்ளிவிட்டு, துண்டுகளைப் பஞ்சு போலக் கழுவி, டப்பாவில் அடுக்கிக் கொண்டு போனாய். ஷீபா அக்காவும் அவர் தெருவில் சில வீட்டுக்காரர்களும் வாங்கினார்கள். அடுத்த முறை ஷீபா அக்காவைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை.

நீ அவரிடம் காரணம் கேட்டாய். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா நெனைக்காதுங்கோ. தலை இல்லாம வந்தா பழைய மீனோன்னு ஒரு இது. செவுளத் தூக்கிப் பாக்காம அடுப்புல ஏத்த மாட்டேன்னு சொல்லுதாவ."

வீட்டுக்கு வந்து நீ நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாய். "ஏட்டி, நாம என்னைக்கு மீனைக் காசு குடுத்து வாங்கித் தின்னோம்?" என்றாய். உண்மைதான். அப்பா கொண்டுவந்து போடுகிற மீனின் செவுளை நம் வீட்டில் யார் தூக்கிப் பார்த்தார்கள்? விற்கப் புறப்பட்ட நமக்கு வாங்குகிறவர்களின் சந்தேகம் தெரிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டப்பாவிலும் துண்டுகளுக்கு மேலே அந்த மீனின் தலை, செவுளோடு இருந்தது. சாளை, அயிலை போலச் சின்ன மீன் என்றால் மேலே இரண்டை முழுசாக வைத்தாய். வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்துத் திருப்தியானதும் வாசலிலேயே உட்கார்ந்து அதையும் வெட்டிக் கொடுத்தாய். புத்தகத்தில் இதற்குப் புத்தாக்கம் என்று போட்டிருக்கிறது. நீ அந்தச் சொல்லைக் கேட்டதுண்டா அம்மா?

ஞாயிற்றுக்கிழமை பூசை, நம் ஆட்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். வாங்குகிறவர்களுக்கோ ஞாயிறுதான் மீன் வேண்டும். மற்ற வியாபாரிகள் சனிக்கிழமை மீனை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய், இன்று பிடித்தது என்று சொல்லி விற்றார்கள். நீ சனிக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்து, "இது இண்ணைக்குப் பிடிச்சது, ஐஸ்ல வச்சு நாளைக்குக் கறி வையுங்கோ" என்றாய். அப்படித்தான் சனிக்கிழமை உனக்குப் பெரிய நாள் ஆயிற்று.

பிலோமி மாமி உன்னைக் கேலி செய்ததை மறந்திருக்க மாட்டாய். சந்தையில் மீன் விற்கிறவர், சும்மா இருப்பாரா? "ஏட்டி ஸ்டெல்லா, இண்ணைக்கு நீ வெட்டிக் குடுக்க. நாளைக்குக் கறி வச்சுத் தரக் கேப்பாளுவ. மறுநா வாயில ஊட்டி விடச் சொல்லுவாளுவ" என்றார். நீ கத்தியைக் கழுவிக்கொண்டே, "ஊட்டுனா கூலி கூடுதல் மாமி. வாறியளா, உங்களயும் சேத்துக்கிடுதேன்" என்றாய். கடப்புறமே சிரித்தது. நம் கரையில் மீன் படாத நாட்களில் குளச்சலில் இருந்து உனக்கு மீன் எடுத்துத் தந்தது அதே பிலோமி மாமிதான்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லிவிடலாம். இதற்கு அடுத்ததை எப்படிச் சொல்வேன்? காய்ச்சல் என்று படுத்தாய். எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில்கூட சித்தியிடம், "ஷீபாக்கு சனிக்கிழமை மீன் வராதுன்னு சொல்லிரு" என்றாய்.

உன் நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்து வந்த அன்று அப்பா, "இந்த வீட்டுல இனி மீன் யாவாரப் பேச்சு வேண்டாம். அது அவளோட போச்சு. நீ படிக்கத மட்டும் பாரு" என்றார். நீ மீன் கொண்டுபோன ஸ்கூட்டரையும் ஐஸ் பெட்டியையும் வாங்கிக்கொள்ள ஒருவரைப் பேசி வைத்திருக்கிறார். நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவர் வந்து எடுத்துக்கொண்டு போவார்.

உன் போன் என்னிடம் இருக்கிறது. புதன்கிழமை அதில் ஷீபா அக்காவின் குரல் வந்திருந்தது. "ஜெனி, அக்காதான் பேசுதேன். அம்மை போன பொறவு கேக்கச் சங்கடமாட்டு இருக்கு. நீங்க யாராவது செய்யுதியளான்னு இங்க எல்லாரும் கேக்காவ. இல்லன்னா இல்லன்னு சொல்லு மக்ளே, ஒண்ணும் இல்ல."

சித்தியிடம் ஓடிப்போய்ப் போட்டுக் காட்டினேன். அவள் இரண்டு தடவை கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "நான் வெட்டுவேன். வண்டியும் ஓட்டுவேன். ஆனா ஏலத்துல நிக்க மாட்டேன் பிள்ளே. அந்தக் கூட்டத்துல எனக்கு வாய் எழும்பாது. அதெல்லாம் அக்கா பாத்த வேலை" என்றாள். நான் யோசிக்காமல், "ஏலம் நான் கேக்கேன்" என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வருகிறோம் என்று ஷீபா அக்காவுக்கும் பதில் அனுப்பிவிட்டேன்.

சொல்லும்போது எளிதாக இருந்தது. இப்போது வாய்க்குள்ளேயே விலை சொல்லிப் பார்க்கிறேன். கோவிலில் பைபிள் வாசகம் படிக்கச் சொன்னால் முதல் வரிசைக்கே கேட்காத குரல் எனக்கு. ஏலத்தில் ஒரு விலையைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான், திரும்ப வாங்க முடியாது. கூடுதலாகச் சொல்லிவிட்டால்? தயங்கி நிற்கும்போதே வேறொருத்தி எடுத்துவிட்டால்? காத்திருக்கும் வீடுகளுக்கு வெறுங்கையோடு போவேனா?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அப்பாவின் வள்ளமும் அதே நேரத்துக்குத்தான் கரையேறும். சொந்த வள்ளத்து மீனுக்கு நீ ஒருநாளும் விலை கேட்டதில்லை. கூட வருகிற ஆட்களுக்கும் அதில் பங்கு உண்டு, குறைத்துக் கேட்டால் அவர்கள் வயிற்றில் அடிப்பது, கூட்டிக் கேட்டால் ஊர் நம்பாது என்பாய். நானும் வேறு வள்ளத்துக்குத்தான் போவேன். ஆனால் எங்கே நின்றாலும் அப்பா என்னைப் பார்ப்பார். எல்லோர் முன்னாலும் அவர் முகம் எப்படி மாறும்? உனக்கு இப்படிப் பயம் இருந்ததா அம்மா? ஏன் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை?

முன்னறையில் பாய் அசைகிற சத்தம். பிறகு எழுதுகிறேன்.

அம்மா, அப்பா போய்விட்டார். நடந்ததைச் சொல்கிறேன்.

தண்ணீர் குடிக்க வந்தவர் கதவைத் திறந்துவிட்டார். தாளைப் பாவாடைக்கு அடியில் தள்ளினேன். "என்ன மக்ளே, உறங்கலியா?" என்றார். படிக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நீ பஸ்ஸில் இருந்து இறங்கிய அன்று இரவே, செய்யப் போவதை அப்பாவிடம் சொல்லிவிட்டாய் என்பது நினைவு வந்தது. அவர் முகத்துக்கு நேரே சொன்னாய். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியாமல் நீ எதையும் செய்யவில்லை. எல்லாவற்றையும் நானும் சொல்லிவிட்டேன். சித்தியை ஏச வேண்டாம், நான்தான் கேட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அந்த வண்டிய நான் ஏன் குடுக்கச் சொன்னேன் தெரியுமா?" என்றார். "சித்தி அத எடுத்து ஒரு நாளு கடைக்குப் போயிட்டு வந்தா. வண்டிச் சத்தம் கேட்டு, ஒனக்க அம்மைதான் வந்துட்டான்னு வாசலுக்கு எழும்பிப் போனேன். பொறவு எனக்கு அது வீட்டுல நிக்கண்டாம்னு தோணிச்சு."

அவர் கோபத்தில்தான் விற்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "ஒனக்க அம்மை முத நாளு ஏலத்துக்கு வந்தப்ப கை ரெண்டையும் சேலைக்குள்ள பொத்திட்டு நின்னா. நடுங்குனத யாரும் காணப்பிடாதுல்லா. நான் கண்டேன். அவகிட்ட சொல்லல." பிறகு, "நீ எங்க நிப்ப?" என்று கேட்டார்.

"ஒங்க வள்ளத்துக்கு வர மாட்டேன்ப்பா."

"அது எனக்குத் தெரியும். கூட்டத்துக்குப் பின்னால போயி நிக்காத. ஏலக்காரருக்கு ஒனக்க முகம் தெரியணும். மனசுல ஒரு வெலை வச்சுக்க, அதத் தாண்டினா விட்டுரு. ஒரு மீன் போனா இன்னொரு வள்ளம் வரும்."

எழும்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை வருகிறவரிடம் ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறேன் என்றார். "சனிக்கிழமை மட்டும்தான், கேட்டியா? மார்க்கு கொறஞ்சா வண்டி போவும்." கதவுவரை போய்த் திரும்பி நின்றார். "வண்டி வாறப்ப ஹாரன் அடிச்சிட்டு வரச் சொல்லு சித்திகிட்ட. யாருன்னு எனக்குத் தெரியணும்."

அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன் அம்மா.

சம்மதம் கிடைத்துவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. முன்பு அப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். இப்போது அவர் தந்த ஒரு மாதத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயப்படுகிறேன். இந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு விடியற்காலையும் எனக்குச் சடை பின்னிவிட்டாயா?

வெளியே வெளுக்கத் தொடங்கிவிட்டது. சித்தி வரும் நேரம். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: குரல் நடுங்கினாலும் விலையைச் சொல்லுவேன். தப்பாகச் சொல்லி நட்டம் வந்தால் அதைச் சித்தியின் தலையில் போட மாட்டேன், வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நானே சொல்லுவேன். அடுத்த சனிக்கிழமையும் போய் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் மகளும், இன்று முதல் உன் கூட்டாளியுமான
ஜெனி