மேலே ஏறாத ஃபோல்டர்

அக்கா,

மத்தியானம் லேப்டாப்பைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போடப்போகிறேன் என்றாயே, கொஞ்சம் பொறு. இடம் போதவில்லையென்று எதையும் அழிக்காதே. இங்கே அழித்தால் கிளவுடிலும் அழிந்துவிடும். முதலில் அக்கவுண்டிலிருந்து வெளியே வந்துவிடு. பச்சை டிக் விழுந்ததெல்லாம் பத்திரமாக மேலே கிளவுடில் இருக்கிறது. "பழைய ரசீது" ஃபோல்டர் மட்டும் ஏறவே இல்லை. அதைப் பென்டிரைவில் எடுத்து வை.

திறக்காதே என்று எழுதி, அடித்துவிட்டேன். திறந்தே பார். உள்ளே ரசீது இல்லை, வெளியூர் வேலைக்கு நான் போட்ட விண்ணப்பம். இன்று நேர்காணல். அங்கேதான் கிளம்புகிறேன்.

நேற்று "எங்கிட்ட எதையாவது மறைக்கிறியாடி?" என்று நீ கேட்டபோது கதவை அறைந்து சாத்தினேன். தப்புதான்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

தாளின் அடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, இதையும் எழுதிவிடுகிறேன்: கோபம் வந்தால் போன் பண்ணித் திட்டு, எடுக்கிறேன். போன தடவை மாதிரி மூன்று நாள் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.