அம்மாவின் பெயரைக் கேட்ட தேடுபெட்டி

இன்று காலை மகளின் பாடசாலைக்காக ஓர் இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தேன். மூலையில் தேடுபெட்டியை வைத்ததும் அதற்குள் சிறு கோடு சிமிட்டத் தொடங்கியது. உடனே மச்சான், உன்மேல் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. நீ போய் இத்தனை காலமாகியும் அது அடங்குவதாயில்லை.

சுனாமி அடித்த மறுகிழமை, மட்டக்களப்பில் நாம் வேலை பார்த்த கொம்பியூட்டர் கடையில் வைத்து, முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பக்கத்தைச் செய்தவன் நான். நிறம், எழுத்து, ஊர்வாரியான அட்டவணை எல்லாம் என் கைவேலை. நீ செய்தது அதன் தலையில் ஒரு பெட்டி, கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். எழுத்தைத் தட்டத் தட்டப் பொருந்தாத பெயர்கள் மறையும். பக்கம் ஒருமுறை வந்துவிட்டால் போதும், இணைப்பு அறுந்தாலும் தேடலாம்.

அலுவலகப் படிவங்களைப் பார்த்து நான் ஒவ்வொருவர் பெயரோடும் தகப்பன் பெயரைப் போட்டிருந்தேன். ஆளைத் தேடி வந்தவர்களோ தாயின் பெயரையே சொன்னார்கள். நம் ஊர்களில் குடி என்கிற வம்சமும் வீடும் தாய்வழிதானே. "தகப்பன்ட பேரை வெச்சு இஞ்ச ஆரடா ஆளைத் தேடுற?" என்று சிரித்தாய். சைக்கிளில் முகாம் முகாமாகப் போய்த் தாய்மாரின் பெயர்களைக் கேட்டு வந்து சேர்த்தாய்.

மாங்கேணியிலிருந்து வந்த ஒரு தாய் தன் பெயரைச் சொன்னார். நீ தட்டினாய். அவருடைய மகள் கல்குடாப் பக்கத்து முகாமில் இருப்பது தெரிந்தது. "என்ட மனே, நீ நல்லா இரிக்கணும்" என்று உன் கன்னங்களைப் பிடித்து அழுதார். பக்கத்தில் நின்ற என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வயிறு எரிந்தது மச்சான்.

பிறகு உன் அக்காவைக் கூட்டிவர வன்னிக்குப் போனாய். "கெதியா வந்திருவன்" என்றாய். சண்டை மூண்டு பாதை மூடப்பட்டது. சண்டை முடிந்ததும், அங்கிருந்து முகாம்களுக்கு வந்தவர்களின் பெயர்களையும் அதே பக்கத்தில் ஏற்றினேன். உன் அம்மா அருகில் இருக்க, அவர் பெயரைத் தட்டினேன். எல்லாப் பெயர்களும் மறைந்தன. ஆள் கிடைக்காதவர்களுக்காக நீ எழுதிவைத்த வசனம் மட்டும் வந்தது: "இன்னும் வரல்ல. நாளைக்கும் வந்து பாருங்க."

"இதை ஆர் எழுதின?" என்று அம்மா கேட்டார்.

"உங்கட மகன்தான்."

"அவனே சொல்றான். அப்ப நாளைக்கு வாறன்."

நான் சொன்ன எந்த ஆறுதலையும் காதில் வாங்காதவர், உன் ஒரு வசனத்தை நம்பி எழுந்து போனார். இன்றுவரை வருகிறார். அந்தப் பக்கத்தை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. உன்மேல் பொறாமையோடுதான் ஒவ்வொரு முறையும் அவர் உட்காரக் கதிரையை இழுத்துப் போடுகிறேன்.