வெந்நீர் ஊற்றும் பச்சைப் பட்டாம்பூச்சிகளும்

1927 மே 1, ஞாயிறு
காலையில் மழை விட்டது. கோப்பெங் மாதா கோயிலுக்குப் போக லாரி இல்லை, ஞாயிறு பூசை தவறியது. எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் ஆற்றோர வெந்நீர் ஊற்றுக்கு நடந்தேன். அப்பப்பா! ஈரமணல் முழுக்கப் பட்டாம்பூச்சி. விரல் நீள இறக்கை, கறுப்பு, அதில் பளிச்சென்று பச்சை, கழுத்தில் சிவப்பு. 140 வரை எண்ணினேன். குரங்கு ஒன்று கிளையை ஆட்ட, மொத்தமும் எழும்பியது. கணக்குப் போச்சு.

ஈப்போவில் சிலிபினுக்குக் கடிதம். போன மாதம் பெண் பார்த்து வந்த ரஞ்சிதத்தின் அண்ணன் அந்தோணி எழுதியிருந்தார்: பெண்ணுக்கு என்னைப் பிடித்திருக்கிறது, தோட்டத்தைப் பிடிக்கவில்லை. அட்டை, காய்ச்சல், காடு. பள்ளிக்கூட டீச்சர் அங்கே எப்படிக் குடித்தனம் நடத்துவாள்? என் பதில்: சனிக்கிழமை இருவரும் வாருங்கள். ஈப்போவில் இல்லாத ஒன்றைக் காட்டுகிறேன். அப்புறமும் வேண்டாமென்றால் வாய் திறக்க மாட்டேன்.
வெற்றி எனக்கே.

மே 5, வியாழன்
வெயில். தோட்ட ஆஸ்பத்திரியில் என் டிரெசர் வேலை: காய்ச்சலுக்கு மருந்து 4, வெட்டுக்காயத்துக்குக் கட்டு 1. காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை தீரப்போகிறது.
கொசுவுக்கு எண்ணெய் அடிக்கும் முனியாண்டி அண்ணனிடம் உத்தரவு: ஊற்றுப் பக்கம் முழுக்க, ஒரு குட்டை விடாமல்.
"அம்மா வாராங்களா டிரெசர்?" பல்லெல்லாம் தெரிந்தது.
"ஒரு கொசு கடிக்கக் கூடாதுண்ணே."
"கடிக்காது லா."
வாங்க: பிஸ்கட், ரோஸ் சர்பத். சட்டை சலவைக்கு.

மே 7, சனி
ஒரு பூச்சிகூட இல்லை.
மணல் மேல் எண்ணெய் மினுமினுப்பு. ஒன்றே ஒன்று தாழ வந்து, அப்படியே திரும்பிப் போயிற்று. அந்தோணி கடிகாரத்தைப் பார்த்தார். பருவம் முடிந்துவிட்டது என்று புளுகலாம். நாக்கு நுனி வரை வந்தது.
"ஊத்துலயும் எண்ணெ அடிக்க வெச்சது நாந்தாங்க," என்றேன்.
"எதுக்கு?" ரஞ்சிதம்.
"உங்கள கொசு கடிக்கக் கூடாதுன்னு."
குடையை மடக்கினாள். "எண்ணெ போக எத்தன நாளாகும்?"
"நல்ல மழ ரெண்டு பெஞ்சா போதும்."
"சரி."
அவ்வளவுதான். சரியென்றால் என்ன அர்த்தம்? அந்தோணி, கிளம்பும்போது: "எனக்கு அடிக்கடி லீவு கெடைக்காது டிரெசர்."
என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அழுகையே வந்தது.

மே 10, செவ்வாய்
நேற்றும் இன்றும் கொட்டு மழை. ஊற்றில் அகப்பை விட்டு ஐந்து தடவை மொண்டு பார்த்தேன். கொசுப்புழு ஒன்றுமில்லை. இந்தச் சூட்டில், இந்த உப்பில் எது பிழைக்கும்? எண்ணெய்ப் பட்டியலிலிருந்து ஊற்றை நீக்கினேன், தோட்டத் துரை கையெழுத்தும் ஆயிற்று. முதலிலேயே மொண்டு பார்த்திருக்க வேண்டும், பெரிய டிரெசர்!
முனியாண்டி அண்ணன் மணலைக் கிளறிக் கழுவினார். "அடிக்கச் சொன்னீங்க, அடிச்சேன். கழுவச் சொல்றீங்க, கழுவறேன். தாலிய மட்டும் நீங்களே கட்டிக்கணும் லா."

மே 14, சனி
ஒன்பது வந்தன! சிலிபினுக்கு ஒரே வரி: வந்துவிட்டன, வாருங்கள். ஒன்பது என்று எழுதவில்லை.

மே 21, சனி
காலை பத்து, நல்ல வெயில். இருநூறுக்குக் குறையாது. ரஞ்சிதம் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தாள். சற்றுத் தள்ளி நானும். அவள் காலில் அட்டை ஏறியது. பதறி எழுந்தேன். கையசைத்து என்னை உட்கார வைத்து, தானே பிடுங்கி எறிந்தாள்.
"எல்லாம் ஆம்பளயா?"
"ஆமாங்க. பொட்டையெல்லாம் மேல மரத்துலதான்னு நம்ம மலாய்க் காவக்காரர் சொல்வாரு."
"அதான் பாத்தேன். கள்ளுக்கட மாதிரி ஒண்ணா குந்திக் குடிக்குது."
நான் சிரித்துவிட்டேன். ஏழெட்டு எழும்பின.
"சத்தம் போடாதீங்க," என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, பூச்சி கலையாத மெல்லிய குரலில், "அண்ணே, நாளைக்கு சாமியார்கிட்ட சொல்லி கோயில்ல எல்லாருக்கும் கேக்க எங்க கல்யாண ஓலய வாசிக்கச் சொல்லிருங்க."
தள்ளி நின்ற அந்தோணிக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.