மை தடவாத ஓலை

மூன்று புறமும் கடல் காக்கும் நீள்துறை நாட்டின் அரசி நறுவீ, கூடற்கரைக் கல்விச்சாலையின் தலைமை ஆசான் கீரங்கொற்றனாருக்கு விடுக்கும் ஓலை. உமது ஊரில் மழை பெய்க; வயல் விளைக; உமது செவிகள் இன்று பழுதின்றி இருக்க.

இதனை மாணவர் அனைவர் முன்னிலையில், முற்றத்தில் நின்றபடி நீர் கேட்க வேண்டும். படித்துக்கொண்டிருப்பவள் உப்பளத்தார் மகள் சேந்தி. உப்பு வண்டி இழுக்கும் எருதுகூட வந்த வழியை மறவாது, இவளோ நேற்றுப் படித்த வரியை மறக்கிறாள் என்று சொல்லி, நான்கு திங்களுக்கு முன் நீர் விரட்டிய அதே சேந்தி. அவள் வரிக்கு வரி நிற்பாள், படித்த வரிக்கே திரும்பிப் போவாள். நீர் காத்திருப்பீர். அவசரப்படுத்தும் வாயை அவளுடன் வந்த எம் காவலர் அறிவர்.

கீறிய எழுத்து கண்ணுக்குத் துலங்கத் தடவும் மையை இவ்வோலைக்குத் தடவவில்லை. எழுத்தாணியின் கீறலை அவள் விரலால் தடவிப் படிக்கிறாள். கண்ணுக்கு எதிரே மீன்குஞ்சுகளைப் போல் இடம் மாறும் எழுத்து, விரலுக்கு அடியில் அசையாமல் நிற்கிறது. சில பிள்ளைகளுக்கு அப்படித்தான். அது அறிவின் குறை அன்று. எழுத்து உள்ளே செல்லும் வாசல் வேறு. எமக்கும் அதுவே வாசல்.

எம் தந்தை எம்மை உம்மிடம் ஒப்படைத்தபோது எமக்கும் சேந்தியைப் போல் வயது ஒன்பது. பிழையாகப் படிக்கும் பிள்ளையின் கழுத்தில் எழுதாத ஏடு ஒன்றைக் கட்டித் தெருவழியே வீட்டுக்கு அனுப்புவது உமது சாலையின் வழக்கம். அரண்மனையில் பிசைந்தாலும் களிமண் களிமண்ணே என்று நீர் மொழிந்ததும், நூறு பிள்ளைகள் சிரித்ததும் நினைவிருக்கிறதா? முடிசூட்டு நாளுக்கு நீர் அனுப்பிய நாற்பது வாழ்த்துப் பாக்களையும் விரலால் தடவியே படித்தோம். ஒன்றிலும் அந்த ஏட்டைப் பற்றிய சொல் இல்லை.

ஆகவே ஆணை. சேந்தி இன்றே முதல் வரிசையில் அமர்வாள். அவளைப் போன்ற பிள்ளைகள் மை தடவாத ஏட்டில், தமக்கு வேண்டிய அளவு பொழுது எடுத்துக்கொண்டு பயில்வர். வாய்மொழியாய்ச் சொன்ன விடையும் விடையே. உமது தலையை நாம் கேட்கவில்லை. பதவியும் உம்முடையதே, அதில் இருந்துகொண்டே நீர் இதைச் செய்ய வேண்டும்.

சேந்தியின் விரல் இப்போது தொடுவது கடைசி ஏடு. மற்றவற்றைவிடப் பழுத்திருக்கும், ஓரத்தில் பழைய நூலின் துளை இருக்கும். அன்று நீர் என் கழுத்தில் கட்டியது. இருபத்தாறு ஆண்டுகள் எழுதாமல் வைத்திருந்து, இன்று எழுதினேன்.

படித்து முடித்ததும் இதை அவள் உமது கழுத்தில் கட்டுவாள். நீர் தெருவழியே வீட்டுக்கு நடப்பீர். நாளையும் அதனுடனே பாடம் சொல்ல வருவீர். எப்போது அவிழ்ப்பது என்பதை அவளே சொல்வாள். அவள் நல்ல பெண், விரைவில் சொல்லிவிடுவாள். என்னிடம் விட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

சங்கு முத்திரை இட்டோம். குனியும்.